பெயரற்ற கடைசல்: பிரித்தானியத் தக்கைத்திருகிகளின் மரக் கைப்பிடியும் கைவினைஞர் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

மதுக்கூடக் கருவிகளுள் தக்கைத்திருகி நீண்ட காப்புரிமை வரலாறு உடையது. அவ்வரலாறு பெரும்பாலும் உலோகப் பகுதியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவியைப் பயன்படுத்துவோரின் கை தொடும் பகுதியாகிய கடைசல் கைப்பிடி, பட்டியல்களில் ஓர் அடைமொழியாக மட்டுமே இடம்பெறுகிறது. கி.பி. 1795 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை பிரித்தானியத் தக்கைத்திருகிகளில் அமைந்த மரக் கைப்பிடியை இக்கட்டுரை ஆராய்கிறது. கடைசலாளரின் பெயர் பதிவிலிருந்து மறைந்ததற்கு அவர்தம் திறன்குறைவு காரணமன்று; பதிவுமுறைகளின் அமைப்பே காரணம் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கடைசல், தக்கைத்திருகி, கைப்பிடி, காப்புரிமை, பர்மிங்காம், கைவினை வரலாறு

முன்னுரை

ஒரு கருவியின் வரலாற்றை எழுதுவோர் முதலில் நாடுவது எழுத்துச் சான்றுகளையே ஆகும். காப்புரிமை ஆவணம், வணிகப் பட்டியல், நிறுவனக் கணக்கேடு ஆகியன எவற்றைக் குறித்துவைத்தனவோ அவையே வரலாறாகின்றன. அவை குறிக்காது விட்டவை, பொருள் கண்முன் இருந்தபோதிலும், வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தக்கைத்திருகியின் மரக் கைப்பிடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தக்கைத்திருகி மூன்று உறுப்புகளைக் கொண்டது: தக்கையினுள் நுழையும் எஃகுப் புரி, அதனைத் தாங்கும் தண்டு, தண்டின் தலையில் குறுக்காகப் பொருந்தும் கைப்பிடி. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் இக்கருவியை வகைப்படுத்தும்போது புரியின் வடிவையும் இழுக்கும் பொறியமைப்பையும் அடிப்படையாகக் கொள்கின்றனர். ஹென்ஷால் வகை, தாமசன் வகை என்று காப்புரிமை பெற்றவரின் பெயரால் அவை வழங்கப்படுகின்றன. பொறியமைப்பு எதுவுமின்றி நேரே இழுக்கும் எளிய கருவி, பெயரற்ற வகையாக நிற்கிறது. இரண்டிலும் ‘கடைசல் மரக் கைப்பிடி உடையது’ என்னும் குறிப்பு இறுதியில் வருகிறது. கடைந்தவர் யார், ஏன் அவ்வடிவில் கடைந்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்விரு வினாக்களுள் முதலாவதற்கு விடையாகத் தனியொருவரின் பெயரைத் தேடிக் காண்பது பெரும்பாலும் இயலாது. ஆயின் அப்பெயர் ஏன் இல்லாமற் போயிற்று என்பதை ஆராய முடியும். இரண்டாவது வினாவுக்குக் கைப்பிடியே சான்றாக அமைகிறது.

முத்திரையிட்ட கடைசலாளர்

ஆங்கிலேயக் கடைசலாளருக்கும் மதுவணிகத்துக்கும் உள்ள உறவு தக்கைத்திருகிக்கு மிக முற்பட்டது. இடைக்கால லண்டனில் மதுவை அளக்கும் மர அளவைகளைக் கடைந்து தந்தவர்கள் இவர்களே. அளவை குறைந்தால் வாங்குவோர் ஏமாற்றப்படுவர் என்பதால் நகராட்சி இத்தொழிலைக் கண்காணித்தது. 1310ஆம் ஆண்டு லண்டன் மாநகரத் தலைவர் முன்னிலையில் கடைசலாளர் சிலர், காலன், அரைக் காலன், கால் காலன் ஆகிய அளவைகளை மட்டுமே செய்வதாக உறுதியளித்தனர். 1347ஆம் ஆண்டளவில், ஒவ்வொரு கடைசலாளரும் தமக்கென ஒரு முத்திரை கொண்டு, சரியெனக் கண்ட அளவையின் அடியில் அதனை இடவேண்டும் என்று பணிக்கப்பட்டது. பின்னர் 1604ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பட்டயத்தால் லண்டன் கடைசலாளர் குழுமம் சட்ட உருப்பெற்றது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடைசலாளரின் அடையாளம் மரத்தின்மேல் ஏறியது அவரைப் போற்றுவதற்காக அன்று. பிழை நேர்ந்தால் அவரைப் பொறுப்பாக்குவதற்காகவே ஆகும். பெயர் என்பது இங்குப் பொறுப்பின் குறி. அளவையில் குறை நேர்ந்தால் அரசுக்கும் வணிகத்துக்கும் இழப்பு உண்டு. ஆகவே செய்தவர் யார் என்பது பதிவாகியது. தக்கைத்திருகியின் கைப்பிடியில் அத்தகைய அரசுநலன் எதுவும் இல்லை. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகிறது.

புட்டி, தக்கை, திருகி

தக்கைத்திருகியின் முன்னோடி, துப்பாக்கிக் குழலில் தங்கிய பொதியை வெளியே எடுக்கப் பயன்பட்ட எஃகுப் புரி என்று கருதப்படுகிறது. புட்டியின் தக்கையை இழுக்க எஃகுப் புரி ஒன்று பயன்படுவதை நெகேமியா குரூ 1681ஆம் ஆண்டு வெளியிட்ட அரசக் கழக அருங்காட்சியகப் பட்டியலில் குறிப்பிடுகிறார். அக்காலப் புட்டிகள் அகன்ற அடிப்பகுதியும் குறுகிய கழுத்தும் கொண்டவை, நிமிர்த்தியே வைக்கப்பட்டன. தக்கையின் ஒரு பகுதி வெளியே நீண்டிருந்தால் கையாலேயே எடுத்துவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் போக்கில் புட்டி உருளை வடிவம் பெற்றது. உருளைப் புட்டியைக் கிடைநிலையில் அடுக்கிவைக்கலாம். அவ்வாறு வைத்தால் தக்கை ஈரம் உலராது இருக்கும். ஒயின் நெடுநாள் கெடாது. இதற்குத் தக்கை கழுத்தினுள் முழுவதும் இறுக அடிக்கப்பட வேண்டும். முழுவதும் உட்சென்ற தக்கையைக் கருவியின்றி எடுக்க இயலாது. இவ்வாறு புட்டியின் வடிவமாற்றம் தக்கைத்திருகியை இன்றியமையாத பொருளாக்கியது. இறுகிய தக்கையை இழுக்கும் விசை முழுவதும் கைப்பிடியின் வழியே செல்வதால் கைப்பிடியின் வலிமையும் முதன்மை பெற்றது.

காப்புரிமையில் இடம்பெறாத கைப்பிடி

இங்கிலாந்தில் தக்கைத்திருகிக்கான முதற் காப்புரிமை 1795ஆம் ஆண்டு சாமுவேல் ஹென்ஷால் என்னும் சமயகுருவுக்கு வழங்கப்பட்டது. புரிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு வட்டத் தகட்டை அவர் அமைத்தார். புரி முழுவதும் உட்சென்றதும் தகடு தக்கையின் தலையில் அழுந்தி நிற்கும். மேலும் திருகினால் தக்கையும் உடன் சுழன்று, கண்ணாடியோடு அதற்குள்ள ஒட்டு விடுபடும். இக்கருவியைப் பர்மிங்காமின் சோஹோவில் மேத்யூ போல்டன் தயாரித்தார். 1802ஆம் ஆண்டு அதே நகரின் எட்வர்ட் தாமசன், கைப்பிடியை ஒரே திசையில் தொடர்ந்து திருகினாலே தக்கை வெளிவரும் இரட்டைச்செயல் பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

அக்காலக் காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டுகள். அவ்வுரிமை காத்தது தகட்டையும் பொறியமைப்பையுமே. ஹென்ஷால் கருவிகளின் தலையில் மரத்தாலோ எலும்பாலோ கடைந்த கைப்பிடிகள் அமைந்தன. பலவற்றில் கைப்பிடியின் ஒரு முனையில் சிறு தூரிகையும் பொருத்தப்பட்டது. நிலவறையில் கிடந்த புட்டிக் கழுத்தின் தூசியையும் உடைந்த அரக்குத் துகள்களையும் துடைப்பதற்கு அது பயன்பட்டது. காப்புரிமையின் புதுமைக்குள் இவை அடங்கவில்லை.

பர்மிங்காமின் தொழிற்பிரிவினையும் இதற்குத் துணைநின்றது. 1767ஆம் ஆண்டின் ஸ்கெட்ச்லி வணிகப் பட்டியல், எஃகுச் சிறுபொருள் செய்வோரின் ஆக்கங்களுள் தக்கைத்திருகியைக் கொக்கி, மெழுகுவர்த்தித் திரிவெட்டி முதலியவற்றோடு சேர்த்து உரைக்கிறது. அதாவது தக்கைத்திருகி செய்பவர் என்று பட்டியல் அறிந்தவர் எஃகுத் தொழிலாளியே. மரம், எலும்பு, தந்தம் ஆகியவற்றைக் கடைவோர் தனித்தொழிலினர். அவர்கள் குடைக் காம்பு, உளிப் பிடி, முத்திரைக் கட்டைப் பிடி எனப் பலவற்றையும் கடைந்தனர். ஒரு பொருளின் உறுப்பைச் செய்தவர் அப்பொருளின் ஆக்குநராகக் கருதப்படாத நிலை இவ்வாறு உருவாகியது.

1842ஆம் ஆண்டின் அலங்கார வடிவமைப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியிருக்கக்கூடும். அச்சட்டம் உலோகத்தை முதல் வகுப்பாகவும் மரத்தை இரண்டாம் வகுப்பாகவும் பிரித்து வடிவப் பதிவுக்கு வழிசெய்தது. எனினும் இரு தடைகள் இருந்தன. பதிவு வேண்டுவது புதிய வடிவத்தை. கடைசலாளரின் மணியும் குழிவும் குமிழும் தலைமுறைகளாக வழங்கிவந்த பொதுச்சொத்து. மேலும், பதிவில் இடம்பெறுவது வடிவமைப்பின் உடைமையாளர் பெயரே அன்றிச் செய்தவர் பெயர் அன்று. எனவே மரத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தும் கடைசலாளருக்கு அதில் இடம் ஏற்படவில்லை எனலாம்.

கைப்பிடி தரும் சான்று

எழுத்துச் சான்று அமைதி காக்குமிடத்தில் பொருட்சான்று பேசுகிறது. கடைசல் கைப்பிடியின் வளைவுகள் வெறும் அழகுக்காக அமைந்தவை என்னும் பொதுக்கருத்து ஆய்வுக்கு உரியது.

குறுக்குக் கைப்பிடியைப் பிடிப்பவர், தண்டின் இருபுறமும் விரல்களைக் கோத்து மேல்நோக்கி இழுக்கிறார். இருபுறமும் விரல்கள் மேலே தள்ள, நடுவில் தண்டு கீழே இழுக்கிறது. ஆகவே கைப்பிடி, நடுவில் சுமை தாங்கும் ஒரு சிறு உத்திரமாகச் செயற்படுகிறது. வளைவிசை மிகுவது நடுப்பகுதியில். தண்டுக்காகத் துளையிட்டு வலிமை குறைவதும் அதே நடுப்பகுதியில். கடைசலாளர் நடுவைப் பருமனாக விட்டது இதனால்தான். அதன் இருமருங்கும் விரல் அமர்வதற்குக் குழிவாகக் கடைந்தார். முனைகளில் கை நழுவாதிருக்கக் குமிழ்களை அமைத்தார். திருகும்போது நடுவிலிருந்து விலகியிருக்கும் குமிழ்களே உள்ளங்கைக்கு நெம்புகோலின் பயனைத் தருகின்றன. பருமன், குழிவு, குமிழ் என்னும் இவ்வொழுங்கு அலங்காரமாகத் தோன்றினும் விசையின் வழியைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

மரத்தின் இழையோட்டமும் இதற்கு இயைந்தது. கடைசல் பொறியின் இரு மையமுனைகளுக்கு இடையே மரத்துண்டு, இழை நீளவாக்கில் ஓடுமாறு பிடிக்கப்படுகிறது. மரம் வளைவை நன்கு தாங்குவதும் இழை நீளவாக்கில் இருக்கும்போதே. முதலில் குழியுளியால் சதுரத்துண்டு உருளையாக்கப்படும். பின்னர்ச் சாய்வுளியின் முனையால் மணிகளும் கோடுகளும் வெட்டப்படும். கைப்பிடியின் நடுவில் வெட்டிய மெல்லிய வளையக் கோடு, துளையிடுவோருக்கு இடங்காட்டும் குறியாகவும் உதவக்கூடியது. பொருத்தப்பட்ட தண்டின் முனை மேற்புறத்தில் ஒரு வில்லையின்மேல் தட்டி மடக்கப்படும். இத்துளை நடுவிலிருந்து சிறிது விலகினாலும் திருகும் கை அதனை உடனே உணரும். தக்கை கோணலாகத் துளைக்கப்பட்டு உடையும்.

தாமசனின் இரட்டைச்செயல் கருவியோடு ஒப்பிடுகையில் இக்கருத்து மேலும் வலுப்பெறுகிறது. அதில் தக்கையை உயர்த்தும் வேலையைப் புரியும் உறையும் ஏற்றுக்கொள்கின்றன. கைப்பிடி திருகுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. உத்திரமாக வளைவைத் தாங்குவதில்லை. அத்தகைய கருவிகளில் எலும்புக் கைப்பிடிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. மாறாக, நேரே இழுக்கும் எளிய கருவிகளில் தடித்த மரக் கைப்பிடிகள் நிலைத்தன. பொறியமைப்பு மாறும்போது கைப்பிடியின் பணியும் மாறுகிறது என்பதைக் கடைசலாளர் அறிந்திருந்தார் என்று கொள்ள இது இடந்தருகிறது.

கடைதல் என்னும் சொல்

இவ்விடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று தெளிவூட்டுகிறது. தமிழில் ‘கடைதல்’ என்பது தயிர் கடைதலையும் மரத்தைக் கடைசல் பிடித்தலையும் ஒருங்கே குறிக்கும். கயிறு சுற்றிய மத்து முன்னும் பின்னும் மாறிமாறிச் சுழல்வது போன்றே, கயிற்றால் இயங்கும் பழங்கடைசல் பொறியிலும் மரம் இருபுறமும் மாறிமாறிச் சுழலும். ஐரோப்பாவின் வளைகழிக் கடைசல் பொறியும் இவ்வாறே இயங்கியது. காலால் மிதிக்கும்போது மரம் கடைசலாளரை நோக்கிச் சுழலும். மேலே உள்ள கழி நிமிரும்போது திரும்பிச் சுழலும். முதற் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். ஜோசப் மாக்சன் 1677ஆம் ஆண்டு முதல் பகுதிகளாக வெளியிட்ட கைத்தொழில் நூல் இப்பொறியை விளக்குகிறது. தொடர்ந்து ஒரே திசையில் சுழலும் மிதிச்சக்கரப் பொறியும் நீராவியால் இயங்கும் பொறியும் பின்னர்ப் பரவின.

கைப்பிடிக்குரிய மரங்களும் தொலைவிலிருந்து வந்தன. உள்நாட்டுப் பீச்சும் வால்நட்டும் எளிய கருவிகளுக்குப் பயன்பட்டன. உயர்ந்த கருவிகளுக்கு அடர்த்தி மிக்க பாக்ஸ் மரம், கருங்காலி, ரோஸ்வுட் ஆகியன விரும்பப்பட்டன. நுண்ணிழையுடைய கடினமரமே கூரிய மணிவிளிம்பை உதிராமல் காக்கும். இலங்கைக் காடுகளின் கருங்காலியும் மலபார்ப் பகுதியின் ஈட்டி மரமும் பிரித்தானியச் சந்தையில் அறியப்பட்டிருந்தன. சார்லஸ் ஹோல்ட்சாப்ஃபெல் 1843ஆம் ஆண்டு வெளியிட்ட கடைசல் நூலின் முதல் தொகுதி இத்தகைய அயல்நாட்டு மரங்களை விரிவாக விளக்குகிறது. மரத்தின் பிறப்பிடம் நூலில் பதிவாயிற்று. அதனைக் கடைந்தவர் பதிவாகவில்லை.

பதிவுபெற்ற கடைசலாளர்

கடைசல் என்னும் கலையே பதிவுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது என்று கூறவும் இயலாது. ஐரோப்பாவில் உயர்குடியினர் கடைசலைப் பொழுதுபோக்காகப் பயின்றனர். சார்லஸ் புளூமியே 1701ஆம் ஆண்டு பிரெஞ்சில் வெளியிட்ட கடைசற்கலை நூல் அவர்களிடையே புகழ்பெற்றது. லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனம் அலங்காரக் கடைசலுக்கான உயர்விலைப் பொறிகளைச் செய்து விற்றது. அவற்றுக்கு எண் இடப்பட்டது. விற்பனைப் பதிவேடும் பேணப்பட்டது. இக்குடும்பத்தார் எழுதிய ஐந்து தொகுதிகள் 1843 முதல் 1884 வரை வெளிவந்தன.

ஆகவே பொழுதுபோக்காகக் கடைந்தவரின் பொறிக்கு எண் இருந்தது. பதிவேட்டில் இடம் இருந்தது. பிழைப்புக்காக நாள்தோறும் கைப்பிடி கடைந்தவருக்கு அது வாய்க்கவில்லை. இருவர் கையிலும் இருந்தது உளியே, சுழன்றது மரமே. வேறுபட்டது, யாருடைய செயலைப் பதிவு செய்வதால் யாருக்குப் பயன் என்பதே. பொறிவிற்பவருக்கு வாடிக்கையாளரின் பெயர் தேவைப்பட்டது. தக்கைத்திருகி விற்பவருக்குக் கைப்பிடி கடைந்தவரின் பெயர் தேவைப்படவில்லை.

மரத்தின்மேல் ஏறிய வேறு பெயர்

1860ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, பிரான்சுடன் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையால் ஒயினின்மீதான சுங்கம் குறைந்தது. அதே ஆண்டின் உரிமச் சட்டம், கடைக்காரர்கள் ஒயினைப் புட்டியாக விற்க வழிதிறந்தது. ஒயின் நடுத்தரக் குடும்பங்களை எட்டியபோது தக்கைத்திருகியும் உடன் சென்றது. விலைகுறைந்த கருவிகள் பெருமளவில் தேவைப்பட்டன. அமெரிக்காவில் வில்லியம் ராக்வெல் கிளஃப் 1870களில் கம்பியை முறுக்கித் தக்கைத்திருகி செய்யும் முறையை வளர்த்தார். அவ்வகை மலிவுக் கருவிகளின் மரப்பகுதிகளில் மதுவணிகரின் பெயரும் விளம்பரமும் அச்சிடப்பட்டன.

நெடுங்காலத்துக்குப் பின் கடைசல் மரத்தின்மேல் மீண்டும் ஒரு பெயர் ஏறியது. அது கடைந்தவர் பெயர் அன்று. மதுக்கூடத்தின் மற்றொரு கைப்பிடியிலும் இப்போக்கைக் காணமுடிகிறது. ஜோசப் பிராமா 1797ஆம் ஆண்டு பெற்ற காப்புரிமையை ஒட்டிப் பரவிய பீர் இறைப்பான்களில் கடைந்த மரக் கைப்பிடிகள் மதுக்கூட மேடையின் அணியாக விளங்கின. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு மதுவிலக்கு நீங்கிய பின்னர், குழாயின் பிடியில் பீரின் வணிகப்பெயர் தெரியவேண்டும் என்னும் விதிகள் வந்தன. வாங்குவோர் ஏமாறாதிருக்கவே அவ்விதிகள் எழுந்தன. 1347ஆம் ஆண்டின் முத்திரை விதிக்கும் அடிப்படை இதுவே. எனினும் முன்னது கடைசலாளரைப் பொறுப்பாக்கியது. பின்னது மது ஆக்குநரைப் பொறுப்பாக்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடைசலாளரின் பெயர் தொடக்கம் முதலே இல்லாதிருந்த ஒன்றன்று; வணிகமும் அரசும் அவரைப் பொறுப்பாக்க வேண்டிய இடத்தில் அவரது முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது, காப்புரிமை, வணிகப் பட்டியல், வடிவமைப்புப் பதிவு ஆகிய மூன்றும் வெவ்வேறு காரணங்களால் ஒரே விளைவை ஏற்படுத்தின. உலோகத்துக்குப் பெயர் கிடைக்க, மரம் பெயரின்றி நின்றது. மூன்றாவது, கைப்பிடியின் வடிவம் விசை, இழையோட்டம், விரலமைவு ஆகியவற்றை உணர்ந்த தொழிலறிவின் வெளிப்பாடு. அதனை அலங்காரம் என்னும் ஒரு சொல்லால் கடந்துசெல்வது பொருந்தாது.

அருங்காட்சியகப் பட்டியல்களில் கைப்பிடியின் நடுப்பருமன், குழிவின் ஆழம், துளையின் இருப்பிடம், மரவகை, உளித்தடம் ஆகியவற்றையும் அளந்து பதிவுசெய்தால், ஒரே பட்டறையில் உருவானவற்றை இனங்காண வழிபிறக்கும். தனியொருவரின் பெயரை அது மீட்டுத் தராது. ஆனால் ஒரு கையின் பழக்கத்தை அடையாளம் காட்டக்கூடும். கடைசல் கட்டிற்கால், தொட்டில் கட்டை, மத்து ஆகிய தமிழகக் கடைசற்பொருள்களை ஆராய்வோருக்கும் இவ்வழி பயன்படும். அவற்றிலும் பெயர் இல்லை. கையின் தடம் உண்டு.